சீதனத்தில் வந்த குண்டு

வண்டிகள் பிரதான வீதியில் வந்து நின்ற சத்தம் கேட்டதும் நாங்கள் வாசலைப் பார்க்கவில்லை. எல்லாரும் அலுமாரியின் உச்சியைத்தான் பார்த்தோம்.

அங்கேதான் எங்கள் குடும்பத்தின் குண்டு இருந்தது.

பித்தளைக் குண்டு. ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதலான உயரம், தட்டையான அடி, சற்றே ஒடுங்கிய வாய், உள்ளே வெறுமை. முதல் நாள்தான் பழப்புளி போட்டுத் துலக்கி வைத்திருந்தார்கள். மாரி காலத்து இருட்டில் அந்த வீட்டில் வேறெதுவும் துலங்கவில்லை. அது மட்டும் வழியில் போகிறவனைக் கூப்பிட்டுத் தன்னைக் காட்டிக்கொள்வதுபோல் மின்னியது.

“ஆமி வந்து எறங்கிட்டான். வீடு வீடாப் பாக்கானாம்,” என்று வேலிக்கு அப்பாலிருந்து யாரோ சொல்லிவிட்டு ஓடினார்கள். வந்தவர்கள் எந்தப் படையின் எந்தப் பிரிவு என்று கேட்காதீர்கள். எங்களூரில் சீருடை போட்ட எல்லாருக்கும் அந்த ஒரே பெயர்தான்.

வீட்டுக்காரி சீனத்தும்மா ராத்தா, என் பெரியவாப்பாவின் ஒரே மகள். அவரோடு மகள் சுபைதாவும், சுபைதாவைக் கட்டி அந்த வருஷம்தான் அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்திருந்த நஸீரும் இருந்தார்கள். பெரியவாப்பாவின் கடைசித் தம்பி இஸ்மாலெவ்வை சாச்சாவும் இருந்தார். பெரியவாப்பாவின் வருஷக் கத்தத்துக்கு வேண்டிய சாமான்கள் பற்றிக் கதைக்க நான் போயிருந்தேன். தபால் கந்தோரில் நாள் முழுவதும் தேதி முத்திரை குத்திக் குத்தி, அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டு வந்துவிட்டவன் நான்.

எங்கள் குடும்பத்தில் யுத்தம் சம்பந்தமான சகலத்துக்கும் பொறுப்பாளர் சாச்சா. ஆண்டுதோறும் சபை நடுவில் உட்கார்ந்து ஜப்பான் விமானங்களைச் சுட்டு விழுத்துகிறவர். ஆகவே இப்போது எல்லாரும் அவருடைய முகத்தைப் பார்த்தோம்.

“எனக்கு ஒளு முறிஞ்சி போச்சி. ஒளு எடுத்துட்டு வாறன்,” என்று சொல்லிவிட்டு, தொழுகைக்குக் கை கால் முகம் கழுவுகிறவராகச் சாச்சா கிணற்றடிக்குப் போனார்.

அவர் அங்கேயே இருக்கட்டும். அவசரப்பட்டுத் திரும்பி வரமாட்டார். அதற்குள், ஜப்பான்காரன் வந்தபோது எங்கள் குடும்பம் காட்டியதாகச் சொல்லப்படும் வீரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

சோற்றுச் சட்டி

வெள்ளைக்காரனுடைய பெரிய யுத்தம் நடந்த காலத்தில் பெரியவாப்பா அகமதுலெவ்வை திருகோணமலைக்குப் போனார். சண்டை போட அல்ல, சோறு ஆக்க. துறைமுகத்தில் வேலை செய்த கூலிகளுக்கு ஒரு குசினி இருந்தது. அதில் ஆள் உட்காரக்கூடிய அளவான சட்டிகளைக் கிண்டுகிற வேலை. கல்முனைச் சந்தியில் அவர் லொறி ஏறியபோது ராத்தா கைக்குழந்தை. சாச்சா அப்போது மீசை அரும்பாத பையன். காக்கா என்று கூப்பிட்ட அண்ணனை வழியனுப்பப் போனவர் அவர்தான்.

ஒரு காலையில் விமானங்கள் வந்தன. குசினிக்காரர் எல்லாரும் குழிக்குள் இறங்கினார்கள். பெரியவாப்பாவும் இறங்கினார். அடுப்பில் கிடந்த சோறு நினைவுக்கு வந்து மறுபடி மேலே ஏறினார்.

பிறகு சோறும் இல்லை, சட்டியும் இல்லை, பெரியவாப்பாவும் இல்லை. மையத்து என்று எடுத்து, கபுறு வெட்டி அடக்க ஒன்றும் கிடைக்கவில்லை.

செய்தியைக் கொண்டு வந்தவர் அதே குசினியில் காய்கறி வெட்டிய பாண்டிருப்பு வேலாயுதம். பாதி வழி லொறியிலும் பாதி வழி நடந்தும் வந்தவர், கையை வீசிக்கொண்டு ஒரு பெண்ணின் வாசலில் போய் நிற்க மனமில்லாமல், சால்வையில் எதையோ சுற்றிக்கொண்டு வந்திருந்தார். பெரியம்மாவிடம் அதைக் கொடுத்து, “தேடினன் தங்கச்சி. ஒண்டும் கிடைக்கல்ல. அந்த இடத்தில இதான் கிடந்திச்சி,” என்றாராம்.

‘அந்த இடத்தில் கிடந்தது’ என்பது, அவர் படலையைத் தாண்டிப் போகுமுன்பே, ‘அவர் மேல் விழுந்தது’ என்று ஆகிவிட்டது. எங்கள் குடும்பத்தில் ஒரு தகவல் பழுதாக அவ்வளவு நேரம் போதும்.

கத்தம் என்றால், இறந்தவர் பேரில் ஆண்டுதோறும் ஓதிச் சோறு கொடுப்பது. பெரியவாப்பாவின் கத்தத்தில் வெள்ளைச் சீலை விரித்து, சாம்பிராணிச் சட்டிக்குப் பக்கத்தில் குண்டையும் வைப்பார்கள். ஒளு இல்லாமல் அதைத் தொடக்கூடாது. ஒரு தடவை புதிதாக வந்த மௌலவி ஒருவர், பித்தளைச் சாமானுக்குப் பக்கத்திலிருந்து ஓதுவதற்கு மார்க்கத்தில் இடமில்லை என்றார். அவர் உட்கார்ந்த சகன் தட்டில் இறைச்சி கொஞ்சம் தாராளமாக வைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு இடம் இருந்தது.

அன்றைக்கு பாண்டிருப்புக்கு வேலாயுதம் வீட்டுக்கும் ஒரு பங்கு போகும். பச்சையரிசி, சீனி, ஒரு சீப்பு வாழைப்பழம். எண்பதுகளின் நடுவில், தமிழ் ஊர்களும் எங்கள் ஊரும் முகம் திருப்பிக்கொண்டபோது, அந்தப் பங்கு போகாமல் நின்றது. ஏன் என்று வெளியூராருக்குச் சொல்ல ஒரு புத்தகம் வேண்டும். எங்களூராருக்கு ஒரு சொல்லும் வேண்டாம்.

பிறையா, கலண்டரா

கத்தத்தைப் பிறைக் கணக்கில்தான் வைத்து வந்தார்கள். நபியவர்கள் பிறந்த மவ்லூது மாதத்தின் கடைசிப் பகுதி. பிறைக் கணக்கு வருஷத்துக்கு வருஷம் முன்னுக்கு நழுவும் என்பது உங்களுக்குத் தெரியும். எழுபதுகளின் கடைசியில் அது பெரும்போக அறுவடைக்குள் விழுந்தது. பிறகு நழுவி நழுவி மாரிக்குள் இறங்கியது. ஒரு வருஷம் வெயிலில் பந்தல், ஒரு வருஷம் வெள்ளத்தில் பந்தல்.

இங்கிலீசுத் தேதியில் வைத்தால் ஒரே பருவத்தில் வருமே என்று நான் ஒரு யோசனை சொன்னேன்.

“மலக்குமாருக்கு இங்கிலீசுக் கலண்டர் வாசிக்கத் தெரியுமாடா?” என்று வானவர்கள் சார்பில் கேட்டார் சாச்சா.

“ஜப்பான்காரன் பிறை பாத்துட்டா சாச்சா குண்டு போட்ட?”

“இவனுக்கு முத்திரை குத்திக் குத்தி மண்டையிலயும் குத்திட்டாங்க போல,” என்று சாச்சா சபைக்கு அறிவித்தார். சபை சிரித்தது. கத்தம் பிறையிலேயே நின்றது.

விமானங்கள் விழத் தொடங்கியது

நான் சிறுவனாக இருந்தபோது கதை சின்னதாகத்தான் இருந்தது. பெரியவாப்பா சட்டியை எடுக்கப் போனார், திரும்பவில்லை. சாச்சா அதைச் சொல்ல எடுக்கும் நேரத்தில் ஒரு வெற்றிலையைக்கூட மென்று முடிக்க முடியாது.

இவ்வளவு சின்னக் கதைக்கு இவ்வளவு பெரிய சாப்பாடா என்று சபைக்குத் தோன்றியிருக்க வேண்டும். அடுத்தடுத்த ஆண்டுகளில் பெரியவாப்பா சட்டியை எடுக்கப் போகவில்லை, கூலிகளை எச்சரிக்கப் போனார். பிறகு ஒரு வெள்ளைக்காரத் துரையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினார். துரையின் உயரமும் ஆண்டுக்காண்டு கூடியது.

இதற்குள்தான் என்னுடைய ஆராய்ச்சி வருகிறது. நூலகத்தில் கிடைத்த யுத்தப் புத்தகங்களையெல்லாம் நான் வாசித்திருந்தேன். குண்டின் அடியில் அம்புபோல் ஒரு குறியும் சில எழுத்துகளும் ஓர் ஆண்டும் பொறித்திருந்தன. அவற்றை வைத்து நான் கண்டுபிடித்ததை, அறிவு கெட்டு, கத்தச் சபையிலேயே சொன்னேன்.

“இது ஜப்பான்காரன்ட குண்டே இல்ல. விமானத்தால விழுற குண்டு இப்பிடி இரிக்காது. கீழ இருந்து வெள்ளைக்காரன் மேல சுட்ட பீரங்கிட உறை இது. சுட்டாப் பொறகு கழண்டு விழுற வெறுங் கோது.”

சாச்சா என்னை மேலும் கீழும் பார்த்தார். “அப்ப என்ட காக்காவ வெள்ளைக்காரன் சுட்டான் எண்டு செல்ல வாறயா?”

“அப்பிடி இல்ல சாச்சா...”

“மேல சுட்ட எண்டா யாருடா சுட்ட?”

அந்தக் கேள்விக்கு அவரே அடுத்த ஆண்டு விடை கண்டுபிடித்துக்கொண்டு வந்தார். பெரியவாப்பாதான் சுட்டார். துரை காயப்பட்டு விழ, பெரியவாப்பா பீரங்கியைத் திருப்பி ஒரு விமானத்தை விழுத்தினார். அதற்கு அத்தாட்சியாக என்னைக் காட்டினார். “படிச்ச புள்ள செல்லுது, இது மேல சுட்ட சாமான் எண்டு.”

சூறாவளி வந்து ஊரின் கூரைகளைப் பிடுங்கிய அந்தக் கொடிய ஆண்டுக்குப் பிறகு விழுந்த விமானங்கள் இரண்டாகின. ராத்தாவின் வீட்டுக் கூரையும் போயிருந்தது. குண்டு மட்டும் அலுமாரியிலிருந்து அசையவில்லை. அதையும் சாச்சா விமானக் கணக்கில் சேர்த்துக்கொண்டார். என்னுடைய சரித்திர ஆராய்ச்சியால் இந்தப் பூமியில் ஏற்பட்ட ஒரே மாற்றம் அந்த விமானங்கள்தான்.

ராத்தா இந்தக் கதைகளுக்குச் சிரிக்கவும் மாட்டார், மறுக்கவும் மாட்டார். ஆண்களின் சபையில் கதை முடிந்து குண்டு உள்ளே வந்ததும், முந்தானையால் ஒருக்காத் துடைத்து, வாய்க்குள்ளே ஏதோ சொல்லி மேலே வைப்பார். ஸலாம் சொல்கிறார் என்று சுபைதா ஒருநாள் என்னிடம் சொன்னாள்.

மாப்பிள்ளைக்குப் புளி

எங்கள் பகுதியில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவான். வீடும் வளவும் மகளுக்கு. ஆகவே குண்டும் மகளுக்கு. பெரியம்மாவிடமிருந்து ராத்தாவுக்கு வந்தது, ராத்தாவிடமிருந்து சுபைதாவுக்குப் போக வேண்டும். சுபைதாவின் கலியாணப் பேச்சில் சீதனம் சொன்னபோது, வீடு, வளவு, நற்பிட்டிமுனைப் பக்கம் ஒரு துண்டு வயல் என்று அடுக்கிவிட்டு, “மறுகா, யுத்தத்துக் குண்டும் ஒண்டு இரிக்கி,” என்று சாச்சா பெருமையோடு சொன்னார்.

மாப்பிள்ளை வீட்டார் சம்மாந்துறைக்காரர். அந்தச் சொல்லைக் கேட்டு அவர்களுடைய பெரியவர் வாயிலிருந்த தேத்தண்ணியை விழுங்க மறந்துபோனார்.

புது மாப்பிள்ளை முதல் கத்தத்துக்கு முதல் நாள் குண்டைப் பழப்புளி போட்டுத் துலக்க வேண்டும் என்பது வழக்கம். துலக்கும்போது சாச்சா பக்கத்திலிருந்து கதையைச் சொல்லுவார். அப்படித்தான் யுத்தம் எங்கள் குடும்பத்தில் அடுத்த தலைமுறைக்குப் போகிறது: பாதி புளியில், பாதி புளுகில்.

நஸீர் நல்ல பிள்ளை. சம்மாந்துறையில் ஓர் அரிசி ஆலையில் வேலை. கல்முனையிலிருந்து சைக்கிளில் போய் வருவான். வழியில் தடைகள். இறங்கச் சொல்வார்கள், ஏறச் சொல்வார்கள், சிலரை ஏறச் சொல்வதே இல்லை. அந்த வயதுப் பையன்களை அப்போது ஒரு சோற்றுப் பொதிக்காகக்கூட இயக்கக்காரன் என்று சந்தேகித்தார்கள். அவன் படுத்துறங்கும் வீட்டில் பளபளவென்று ஒரு பீரங்கி உறை.

கிணறா, கடலா, பள்ளியா

தேடுதல் நடக்கும் என்று ஊரில் கதை வந்ததுமே குடும்பக் கூட்டம் கூடியது. எங்களூரில் நடந்த எந்த மாநாட்டிலும் இவ்வளவு நல்ல யோசனைகளை நான் கேட்டதில்லை.

கிணற்றில் போடலாம். ஆனால் கிணறுகளுக்குள்ளும் பார்க்கிறார்களாம். வளவில் வெட்டித் தாழ்க்கலாம். மாரி மழைக்குப் புதிதாக வெட்டிய மண் இறங்கி, இங்கேதான் வெட்டுங்கள் என்று அடையாளம் காட்டும். கடலில் போடலாம். கடலுக்குப் போகிற வழியில்தான் தடை. அதைச் சீலையில் சுற்றித் தடைக்குள்ளால் கொண்டுபோகிற வீரர் யார் என்று கேட்டபோது, இரண்டு விமானம் விழுத்திய குடும்பத்தில் ஒருவரும் கை தூக்கவில்லை. பள்ளிவாசலில் வைக்கலாமென்று பள்ளி மரைக்காரிடம் கேட்டோம். அல்லாஹ்வின் வீட்டை அல்லாஹ் பார்த்துக்கொள்வான், தன் வீட்டைப் பார்க்க ஆளில்லை என்று சொல்லி அவர் கதவைச் சாத்தினார்.

“மாமி,” என்றான் நஸீர், தலையைக் குனிந்துகொண்டு. “நான் மரியாதயில்லாமச் செல்லல்ல. இத எங்கயாவது போடுவம். என்னப் புடிச்சிட்டுப் போனா ஒங்கட மகள்ட கதி?”

ராத்தா பாய் இழைத்துக்கொண்டிருந்தார். பன்பாய் இழைத்து அம்பாறையிலிருந்து வரும் சிங்கள வியாபாரிகளுக்கு விற்பார். கை நிற்கவில்லை.

“ஊராக்களெல்லாம் வெள்ளிக்கிழமை போய் அவங்கவங்கட வாப்பாட கபுறடில நிக்காங்க. எனக்கு எங்க மனெ கபுறு? இதான் என்ட வாப்பாட கபுறு. கபுறக் கிணத்துக்கப் போடச் செல்றீங்களா?”

“அப்ப என்ன செய்ற மாமி?”

“அதான் எனக்கும் தெரியல்ல.”

யாருக்கும் தெரியவில்லை. அதனால் வழக்கத்தில் உள்ளதைச் செய்தோம். கத்தம் நெருங்கிவிட்டது என்று நஸீரிடம் புளியைக் கொடுத்தோம். அவனும், பாவம், கண்ணீர் வராத குறையாகத் துலக்கினான். ஒளித்து வைக்க வேண்டிய சாமானைத் தேடுதலுக்கு முதல் நாள் பளபளப்பாக்கி வைத்த குடும்பம் இந்தக் கரையோரத்தில் எங்கள் குடும்பம் ஒன்றுதான்.

முற்றத்து மழை

மறுபடி அந்தக் காலை.

ஆண்களெல்லாம் வெளியே வரவேண்டும் என்று படலையடியில் சத்தம் கேட்டது. நானும் நஸீரும் முற்றத்தில் போய் நின்றோம். மழை தூறிக்கொண்டிருந்தது. சாச்சா கிணற்றடியிலேயே நின்றார். அவருடைய முகத்தில் இருந்தது ஒளுத் தண்ணியா, மழையா, வியர்வையா என்று என்னால் நிச்சயிக்க முடியவில்லை.

நஸீரைத் தனியே நிறுத்தி, உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார்கள். ஆலைத் தவிடு கையில் ரேகையாகப் படிந்திருந்தது. இரண்டு பேர் வாசலுக்குப் போனார்கள். ஒருவன் மிக இளையவன். மற்றவன் கையில் பட்டி வைத்த மூத்தவன்.

நான் அவர்களைத் தாண்டி அலுமாரியைப் பார்த்தேன். உச்சி வெறுமையாக இருந்தது.

ராத்தா வாசலுக்கு நேரே பாயில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். இரண்டு பாதங்களுக்கும் நடுவே குண்டு. பக்கத்தில், கத்தத்துக்கு வருகிறவர்களுக்கென்று எடுத்து வைத்த வெற்றிலைத் தட்டம். கையில் பின்கதவின் தாழ்ப்பாள் கம்பி. டொக், டொக் என்று பாக்கு இடித்துக்கொண்டிருந்தார். சுபைதா வெற்றிலையைக் கிழித்துக் கிழித்து உள்ளே போட்டுக்கொண்டிருந்தாள்.

ஒளு இல்லாமல் யாரும் தொடாத சாமான். சாம்பிராணிப் புகையைத் தவிர எதுவும் உள்ளே போகாத சாமான். அதற்குள் பாக்கும் வெற்றிலையும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவந்துகொண்டிருந்தன.

“மொகத்த மே?” என்றான் இளையவன். இது என்ன என்று கேட்கிறான்.

“புவக் கொட்டன வங்கெடிய, மஹத்தயா,” என்றார் ராத்தா. பாக்கு இடிக்கிற உரல். ராத்தாவின் சிங்களம் பாய் வியாபாரிகளிடம் கற்றது. பாய், வெற்றிலை, பேரம், இந்த மூன்றையும் தாண்டி அதில் அதிகம் கிடையாது. அன்றைக்கு அதுவே போதுமாக இருந்தது.

இளையவன் குனிந்து கையை நீட்டினான். தூக்கித் திருப்பினால் அடியில் அம்புக்குறி, எழுத்து, ஆண்டு. நான் நூலகத்தில் படித்ததை அவன் பயிற்சியில் படித்திருப்பான். ஆனால் குண்டு ஒரு பெண்ணின் பாதங்களுக்கு நடுவில் இருந்தது. நீட்டிய கை பாதி வழியில் நின்றது.

மூத்தவன் குண்டைப் பார்க்கவில்லை. ராத்தாவின் வாயைப் பார்த்தான். ராத்தாவுக்குப் பல் வரிசை அழகு. ஊரே சொல்லும்.

“தத் ஒக்கொம தியனவனே?” என்றான். பல்லெல்லாம் இருக்கிறதே.

பல் உள்ளவர் எதற்காகப் பாக்கை இடிக்க வேண்டும்? சரித்திர ஆராய்ச்சி என்றால் இதுதான். நான் மனதுக்குள் அவனைப் பாராட்டினேன்.

ராத்தாவின் கம்பி நிற்கவில்லை. “மட்ட நெவெய்,” என்றார். எனக்கல்ல. பிறகு, “தாத்தாட்ட.” சிங்களத்தில் தாத்தா என்றால் தகப்பன். நாடியை உயர்த்திக் கிணற்றடியைக் காட்டினார். “அர இன்னே, மகே தாத்தா.” அதோ நிற்கிறார் என் தகப்பன்.

மூத்தவன் சாச்சாவைக் கைகாட்டிக் கூப்பிட்டான்.

சாச்சா வந்தார். ஏதோ ஓதிக்கொண்டே வந்ததால் வாய் திறந்திருந்தது. உள்ளே ஒரு பல் கிடையாது. வெற்றிலை தின்றே கொட்டிய வாய். அதற்குமேல் அத்தாட்சி தேவைப்படவில்லை.

“வாப்பா, இரிங்க. ஆ காட்டுங்க,” என்றார் ராத்தா, எல்லாருக்கும் கேட்க.

சாச்சா வாசற்படியில் குந்தினார். ராத்தா குண்டுக்குள் கம்பியை விட்டுக் கிளறி, சிவந்த உருண்டையை எடுத்து அவருடைய வாயில் வைத்தார். சாச்சா மென்றார். அவருடைய கண்களிலிருந்து தண்ணீர் கொட்டியது. சுண்ணாம்பு கூடிவிட்டது என்று பிறகு எங்களிடம் சொன்னார். அப்படியே இருக்கட்டும்.

மூத்தவன் இளையவனிடம் ஏதோ சொன்னான். இருவரும் சிரித்தார்கள். பிறகு அடுத்த வீட்டுக்குப் போய், அங்கே ஒரு சைக்கிள் பம்பைக் கழற்றிக் கழற்றிப் பார்த்தார்கள்.

நஸீர் மழைக்குள்ளேயே குந்திவிட்டான்.

சபைக்கு வராத சாமான்

அந்த ஆண்டுக் கத்தம் பகலிலேயே, அவசரமாக ஓதி முடிந்தது. சாச்சா கதை சொல்லவில்லை. தொண்டை வெந்துவிட்டதாம்.

குண்டைக் கழுவி மேலே வைப்பார்கள் என்று நினைத்தேன். ராத்தா வைக்கவில்லை.

“திரும்ப வருவான்,” என்றார். “உரல் காஞ்சி போய்க் கெடந்தா என்ன செல்ற? இடிச்சிட்டே இரிக்கணும்.” பிறகு சாச்சாவைப் பார்த்து, “நீங்களும்தான். ஆமிக்காரனுக்கு முன்னால வாப்பா எண்டு செல்லியாச்சி. ஒவ்வொரு நாளும் வந்து வாய்க்கப் போட்டுட்டுப் போங்க.”

“ஒவ்வொரு நாளுமா?”

“ஓம். மகள் வீட்டுக்கு வாற வாப்பா வருஷத்துக்கு ஒருக்காவா வருவாரு?”

யுத்த வீரர் கீழ்ப்படிந்தார். விடியச் சுபஹு தொழுதுவிட்டுப் பள்ளியிலிருந்து நேரே வருவார். வாசற்படியில் குந்துவார். ராத்தா இடித்துக் கொடுப்பார். முதல் கிழமை இருவருக்கும் கதைக்க ஒன்றும் இருக்கவில்லை. பிறகு ராத்தா மெல்லக் கேட்கத் தொடங்கினார் என்று சுபைதா சொன்னாள். வாப்பா கறுப்பா, சிவப்பா? என்ன கறிக்கு ஆசை? சத்தமாகச் சிரிக்கிறவரா? இத்தனை வருஷக் கத்தத்தில் இதையெல்லாம் யாரும் சொன்னதில்லை. விமானங்களுக்கு நடுவில் நேரம் கிடைத்திருக்காது.

அடுத்த ஆண்டு கத்தம் வந்தது. மாரி, மழை, பந்தலில் ஒழுக்கு. நஸீர் பழப்புளியோடு போய் நின்றிருக்கிறான். இந்த முறை யாரும் சொல்லாமல். ராத்தா வேண்டாமென்றார்.

ஆனால் வெள்ளைச் சீலை விரித்ததும் சபையில் பிரச்சினை. எச்சில் பட்ட வெற்றிலை உரலைச் சாம்பிராணிக்குப் பக்கத்தில் வைக்கலாமா? அந்தப் பழைய மௌலவி, மார்க்கத்தில் இடம் குறைவு என்றார். வைக்காவிட்டால் கத்தத்துக்கு என்ன அழகு என்றார் இன்னொருவர். நன்றாகச் சாம்பலிட்டுக் கழுவி வைக்கலாம் என்று மூன்றாமவர் சமாதானம் பேசினார்.

உள்ளேயிருந்து, திரைக்குப் பின்னால், ராத்தாவின் குரல் வந்தது.

“நீங்க வருஷத்துக்கு ஒருக்கா துலக்கி வெச்சி நினைக்கிற. நான் விடிஞ்சா பொழுதுபட்டா இடிக்கிறன். உரல் இஞ்சதான் இரிக்கும். நீங்க ஓதுங்க.”

சபை ஓதியது.

ஓதி முடிந்ததும் எல்லாரும் சாச்சாவின் பக்கம் திரும்பினார்கள். அந்த ஆண்டு குறைந்தது மூன்று விமானமும், கூடவே ஆமியை அவர் தனியே நின்று திருப்பி அனுப்பிய கதையும் இருக்கும் என்று எனக்குப் பக்கத்தில் இருந்தவர் காதுக்குள் சொன்னார். நானும் அப்படித்தான் எதிர்பார்த்தேன். சாச்சா தொண்டையைச் செருமினார். பீரங்கியைத் திருப்புவதற்கு முன்னால் அவர் வழக்கமாகச் செய்வதுபோல வலது கையை உயர்த்தினார்.

உள்ளே டொக் என்று ஒரு சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. சாப்பாட்டுக்குப் பிறகு சாச்சாவுக்குக் கொடுக்க ராத்தா பாக்கு இடிக்கத் தொடங்கியிருந்தார்.

சாச்சாவின் கை அப்படியே நின்றது. பிறகு மடியில் இறங்கியது.

“காக்காவ நான்தான் சந்தி மட்டும் கொண்டு விட்டன்,” என்றார். “லொறி ஏறுறதுக்கு முதல், வீட்ட ஒருக்காப் போய்ட்டு வாறன் எண்டாரு. லொறி போயிடும் காக்கா எண்டன். கேக்கல்ல. ஓடிப் போய், தொட்டில்ல கெடந்த புள்ளயத் தூக்கி உச்சிய மணந்துட்டு ஓடி வந்தாரு. மறுகா, அங்க, அடுப்புல சோறு கெடந்திச்சாம். எடுக்கப் போனாராம். அவ்வளவுதான்.”

சபை மேலும் எதிர்பார்த்துக் காத்திருந்தது. உள்ளே இடிக்கிற சத்தம் நின்றுபோயிருந்தது. சாச்சா தலையைக் குனிந்து சகனைத் தன் பக்கம் இழுத்தார்.

அந்த வருஷம் ஒரு விமானமும் விழவில்லை.